தாவிப் போன பதினோரு பாட்டு

மன்னார்புரத்தில் இருதய வைத்தியம் பார்க்கும் அந்த டாக்டருக்கு என் மகனைவிட வயது குறைவு. என் மணிக்கட்டைப் பிடித்தபடி சுவர்க் கடிகாரத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர், “அங்கங்கே ஒண்ணு ஸ்கிப் ஆகுதும்மா” என்றார். எதிர்வீட்டுக் குழந்தை கயிறு தாண்டுவதைப் பார்த்துவிட்டு வந்து சொல்வதுபோல அவ்வளவு இயல்பாகச் சொன்னார்.

“பயப்படறதுக்கு ஒண்ணுமில்லைங்க. எப்பப்போ ஆகுது, எத்தனை தடவை ஆகுதுன்னு பார்த்துடலாம். ஒரு நாள் முழுக்க ஒரு மெஷினைக் கட்டிக்கணும். மாத்திரையை ஸ்கிப் பண்ணாதீங்க. காலை டிஃபனை ஸ்கிப் பண்ணாதீங்க.”

கூட வந்திருந்த என் மருமகள் சிரித்துவிட்டாள். “டிஃபனை ஸ்கிப் பண்றது நான்தான் டாக்டர். அம்மா எதையுமே விடமாட்டாங்க.”

அவள் சொன்னது உண்மை. அவளும் என் மகனும் இருக்கும் கே.கே. நகர் வீட்டு மொட்டைமாடியில் அவள் தினமும் காலையில் நூறு முறை ஸ்கிப்பிங் ஆடுவாள். ஆடிவிட்டு டிஃபனை ஸ்கிப் செய்துவிட்டு அலுவலகத்துக்கு ஓடுவாள். நான் எதையும் விடாதவள். அந்தப் பெயரை அரசு அலுவலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் தட்டச்சராக இருந்து சம்பாதித்தேன்.

அந்த ஆங்கிலச் சொல் எனக்குப் பள்ளிக்கூடத்து டிரில் வகுப்பில் அறிமுகமானது. கயிற்றின் கைப்பிடியில் சிவப்புச் சாயம் பூசியிருக்கும். பூமியில் கால் படுவதற்குள் மறுபடி எழும்பிவிட வேண்டும். எடையே இல்லாத ஒரு துள்ளல். அகராதியும் முதற்பொருளாக அதையே தருகிறது. பிறகு அலுவலகத்தில் அதே சொல்லை வேறு முகத்தோடு பார்த்தேன். கையெழுத்துப் பிரதியில் அடுத்தடுத்த இரண்டு வரிகள் ஒரே சொல்லில் தொடங்கினால் கண் முதல் வரியை விட்டு இரண்டாவதற்கு இறங்கிவிடும். விரல்களுக்கு அது தெரியாது. அவை பாட்டுக்கு அடித்துக்கொண்டே போகும். “ஒரு வரி ஸ்கிப் ஆயிருக்கும்மா” என்று கோப்பு திரும்பி வரும். இந்த வார்த்தையை நான் கேட்கவே கூடாதென்று ஒரு மர ஸ்கேலை வாங்கி, அடிக்க வேண்டிய வரிக்குக் கீழே வைத்து, வரி முடிய முடிய நகர்த்திக்கொண்டே வந்தேன். என் கோப்புகள் திரும்பி வரவில்லை.

இப்போது கைப்பேசியில் உபந்யாசம் கேட்க உட்கார்ந்தால் நடுவில் வரும் விளம்பரத்தின் ஓரத்தில் அதே சொல் பொத்தானாக நிற்கிறது. தொட்டால் விளம்பரம் போய்விடுகிறது. இலேசான அசைவுக்கு ஏற்பட்ட ஒரு சொல்லை, எதையாவது விட்டுவிடுகிற இடத்திலெல்லாம் நாம் வைத்துக்கொண்டதற்குக் காரணம் இருக்கவேண்டும். ‘விட்டுவிட்டேன்’ என்றால் குற்றம்போல் ஒலிக்கிறது. ‘ஸ்கிப் ஆயிடுத்து’ என்றால் யாரும் எதையும் செய்யவில்லை, அதுவாகத் துள்ளிப் போயிற்று என்று ஆகிவிடுகிறது. இந்த வேறுபாட்டை நான் வெறும் சொல்லாராய்ச்சியாக எழுதவில்லை. அந்த மெஷின் என் உடம்பில் இருந்த ஒரு நாளில் அந்த வேறுபாடு என் வீட்டுக்கே வந்தது.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் முதல் மாடியில் தனியாக இருக்கிறேன். கீழ்த்தளத்துக் கூடத்தில் சனிக்கிழமைதோறும் காலை ஆறரை மணிக்கு எட்டுப் பெண்கள் கூடி ஆழ்வாருடைய ஆயிரத்திலிருந்து பாசுரம் சேவிப்போம். நாலு பேர் ஒரு வரிசை, எதிரே நாலு பேர் ஒரு வரிசை. பாட்டின் முற்பாதியை எங்கள் வரிசை சொன்னால் பிற்பாதியை எதிர்வரிசை எடுத்துக்கொள்ளும். ஒவ்வொரு பாட்டையும் தொடங்கித் தரும் இடம் என்னுடையது. மற்றவர்கள் மடியில் புத்தகம் இருக்கும். என் மடியில் இருக்காது. ஆயிரம் பாட்டும் எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு இருந்தது பக்தி மட்டும்தானா என்று அப்போது என்னை நான் கேட்டுக்கொண்டதில்லை.

எதிர்வரிசையில் முதலாவதாக உட்காருகிறவள் என் சிநேகிதி. உத்தர வீதியில் நாற்பது வருஷமாகக் குடியிருந்தவள். கணவர் பரமபதித்த பிறகு பிள்ளை புனேவுக்கு வரச்சொல்லிவிட்டான். வீட்டைக் காலி செய்து சாமான்களைக் கட்டத் தொடங்கியபோது அவள் ஒரு சங்கல்பம் செய்துகொண்டாள். போவதற்கு முன் ஆயிரம் பாட்டையும் கோஷ்டியோடு ஒரு முறை முழுவதும் சொல்லிப் பெருமாளிடம் சமர்ப்பித்துவிட்டுப் போக வேண்டும். வாரத்துக்கு ஒரு நூறாகப் பத்துச் சனிக்கிழமை. நூறு என்பது வழக்கு; பத்துப் பதிகம், பதிகத்துக்குப் பதினோரு பாட்டு என்று எண்ணினால் நூற்றுப்பத்து. பத்தாவது சனிக்கிழமை முடிவில் சாத்துமுறை என்ற நிறைவு, மறுநாள் ரயில்.

“ஒரு பாட்டுகூடக் குறையக்கூடாது மாமி. அங்கே போய் உட்கார்ந்துண்டு, அதை விட்டுட்டோமே இதை விட்டுட்டோமேன்னு நெனைச்சுண்டிருக்கப்படாது” என்று முதல் சனிக்கிழமையே என்னிடம் சொன்னாள். “உங்களை நம்பித்தான் ஆரம்பிக்கறேன்.”

எட்டு வாரம் ஒரு குறையுமின்றி நடந்தது. ஒன்பதாவது சனிக்கிழமைக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு, மன்னார்புரத்தில் எனக்கு மெஷினைக் கட்டினார்கள். மார்பில் ஐந்து இடத்தில் ஒட்டி, ஒயர்களைச் சேர்த்து, தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரிய ஒரு பெட்டியை இடுப்பில் மாட்டிவிட்டு நர்ஸ் சொன்னாள்: “நாளைக்கு இதே டயத்துக்கு வாங்க. அதுவரைக்கும் குளிக்கக்கூடாது.” கூடவே ஒரு தாளும் தந்தாள். நேரம், என்ன செய்தீர்கள், என்ன உணர்ந்தீர்கள் என்று மூன்று கட்டம். ஒவ்வொரு மணிக்கும் எழுத வேண்டும்.

குளிக்கக்கூடாது என்றதுதான் என்னை உலுக்கியது. தீர்த்தமாடாமல் நான் பாசுரம் சொன்னதில்லை. ஒரு வாரம் வராமல் இருந்துவிடலாம் என்றால் சிநேகிதியின் கணக்கு உடையும். அவளுடைய ரயில் டிக்கெட் எப்போதோ எடுத்தாகிவிட்டது. நோயாளிக்கு மானஸ ஸ்நானத்தைப் பெரியவர்கள் அனுமதித்திருக்கிறார்கள். எனவே கைகால் அலம்பி, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டு, காவேரியை மனத்தால் நினைத்து மூழ்கி எழுந்து, மடிப்புடவை கட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். யார்மேலும் படாமல் ஒரு முழம் தள்ளியே உட்கார்ந்தேன்.

ரவிக்கை ஓரத்தில் எட்டிப்பார்த்த ஒயரைச் சிநேகிதி பார்த்துவிட்டாள். “மாமி இன்னிக்குக் கரண்ட் கனெக்‌ஷனோட வந்திருக்கேளே! மைக்கே வேண்டாம் போலிருக்கே!”

“கிட்ட வராதேங்கோ. ஷாக் அடிக்கும்.”

“அடிக்கட்டும். தூக்கமாவது கலையும்” என்றாள் கடைசியில் உட்கார்ந்திருந்த எங்களில் இளையவள். அறுபதைத் தொட்டவளை நாங்கள் இளையவள் என்றுதான் சொல்வோம்.

ஒன்பதாம் நூறு தொடங்கிற்று. வழக்கமாக எட்டு மணியைத் தாண்டும்; அன்று எட்டு மணிக்குச் சற்று முன்பே முடிந்தது. தீர்த்தமும் சர்க்கரைப் பொங்கலும் ஆயிற்று. மாடிக்கு வந்து தாளில் எழுதினேன்: ஆறரை முதல் எட்டு வரை, பாசுரம் சேவித்தேன், ஒன்றும் உணரவில்லை.

ஒன்பது மணிக்கு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ்ஸில் உட்கார்ந்தால் அன்று சொன்னவற்றை உதடு அசையாமல் ஒரு தரம் ஓட்டிப் பார்ப்பது என் வழக்கம். இந்தப் பாட்டுகளுக்கு ஒரு சௌகரியம் உண்டு. ஒரு பாட்டு முடிகிற சொல்லை எடுத்துக்கொண்டு அடுத்த பாட்டு தொடங்கும். சங்கிலியின் வளையம் வளையமாகப் போகும். காவேரிப் பாலத்தில் பஸ் ஏறியபோது நான் ஒரு பதிகத்தின் முடிவில் இருந்தேன். அடுத்த வளையத்துக்குக் கை நீட்டினேன். அகப்பட்டது காலையில் நான் சொல்லாத ஒரு பாட்டு.

ஒரு கணம் பஸ்தான் நின்றுவிட்டது என்று நினைத்தேன். அது போய்க்கொண்டுதான் இருந்தது. கீழே ஆற்றில் பாதி மணலும் பாதித் தண்ணீருமாக வெயில் விழுந்திருந்தது. மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். சந்தேகமில்லை. அந்தப் பதிகத்தை முடித்தவுடன், அதற்கடுத்ததை எடுக்காமல் அதற்கும் அடுத்த பதிகத்தை எடுத்திருக்கிறேன். இரண்டின் தொடக்கமும் என் நாக்குக்கு ஒரே ஓசையாக வந்துவிட்டது. நடுவில் ஒரு முழுப் பதிகம், பதினோரு பாட்டு, சொல்லப்படவில்லை. எட்டு மணிக்கு முன்பே முடிந்ததன் காரணமும் விளங்கிற்று.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. அந்த இடத்தில் நான் முற்பாதியைத் தொடங்கித் தந்தபோது எதிர்வரிசை பிற்பாதியை எடுக்க இமைப்பொழுது தாமதித்தது. ஒரு மூச்சுக்கும் குறைவான இடைவெளி. பிறகு எடுத்துக்கொண்டார்கள்.

மெஷின்தான் காரணம் என்று மனம் உடனே வாதாடத் தொடங்கியது. தீர்த்தமாடாத சஞ்சலம், ஒயர் உறுத்தல், ஒருவேளை அந்த நிமிஷத்தில் இருதயம் தடுமாறி, மூளைக்கு ரத்தம் குறைந்து… மெஷின் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டிருக்கிறது, அதுவே சாட்சி சொல்லட்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

கிளினிக்கில் மருமகள் காத்திருந்தாள். மெஷினைக் கழற்றினார்கள். தாளைக் கேட்டார்கள். பேனா கையில் இருந்தது. ‘ஒன்றும் உணரவில்லை’ என்பதற்குப் பக்கத்தில் ஒரு வரி எழுத இடமும் இருந்தது. பதினோரு பாட்டு மறந்தேன் என்று எழுதியிருக்கலாம். மருமகள் என் தோளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கெட்டவள் அல்லள். ஆனால் என் மகன் மூன்று வருஷமாக, “கே.கே. நகருக்கே வந்துடும்மா, தனியா இருக்க வேண்டாம்” என்று சொல்லி வருகிறான். “எனக்கு என்ன குறைச்சல்? ஆயிரம் பாட்டு மனப்பாடமா இருக்கு” என்பதுதான் இதுவரை நான் அவனுக்குச் சொல்லி வந்த பதில். அந்த வரியை எழுதினால் அந்தப் பதில் போய்விடும். பதில் போனால் சித்திரை வீதி போய்விடும்.

எழுதாமல் தாளைக் கொடுத்தேன். வாழ்நாளெல்லாம் ஒரு வரியும் விட்டுப்போகாமல் பார்த்துக்கொண்ட கை, அன்று தெரிந்தே ஒரு வரியை விட்டது.

ஒரு மணி நேரம் கழித்து டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டர் திரையில் என் துடிப்புகள் வரிவரியாக ஓடின. “நிறைய இல்லைங்க. இந்த வயசுல இது சகஜம்தான். மத்தியானம் கொஞ்சம், படி ஏறினப்ப கொஞ்சம்.” பிறகு திரையில் ஓரிடத்தில் நிறுத்தினார். “இங்கே பாருங்க, காலையில ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் ஒண்ணுகூட ஸ்கிப் ஆகலை. ரொம்ப அழகா இருக்கு. தூங்கிட்டிருந்தீங்களா?”

“பாசுரம் சேவிச்சுண்டிருந்தேன்” என்றேன்.

“அதையே தினமும் பண்ணுங்க. மாத்திரையைவிட நல்லது.”

மருமகள் பெருமையோடு என்னைப் பார்த்தாள். என் சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாட்சி சொல்லிவிட்டது. இருதயம் தன் வேலையை ஒழுங்காகச் செய்த நேரத்தில்தான் நான் என் வேலையைத் தவறவிட்டிருந்தேன்.

வீடு திரும்பி மாலை வரை உட்கார்ந்திருந்தேன். யாருக்கும் தெரியாது. அடுத்த சனிக்கிழமை பத்தாம் நூறைச் சொல்லிச் சாத்துமுறை செய்துவிட்டால் சிநேகிதி நிறைவோடு ரயில் ஏறிவிடுவாள். அவளுடைய நிறைவைக் குலைப்பானேன் என்று ஒரு நியாயம்கூட எழுந்தது. அது கருணையைப்போலவே பேசிற்று. ஆனால் குரல் என்னுடையதாக இருந்தது. பெருமாளிடம் பதினோரு பாட்டுக் குறைவாகக் கொண்டுபோய் வைத்து, ஆயிரமும் ஆயிற்று என்று சொல்ல அவளை நான் அனுப்பப்போகிறேன். அவள் என்னை நம்பி ஆரம்பித்தவள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தீர்த்தமாடிவிட்டு உத்தர வீதிக்கு நடந்தேன். அவள் வீட்டுக் கூடத்தில் அட்டைப்பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருந்தன. பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“வாங்கோ. உட்கார நாற்காலி இல்லை, எல்லாம் போயாச்சு. அந்தப் பெட்டிமேலே உட்காருங்கோ, துணிதான்.”

உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். எந்தப் பதிகம், எங்கே தாவினேன், எத்தனை பாட்டு என்று ஒன்று விடாமல் சொன்னேன்.

அவள் கையிலிருந்த ரசம் வைக்கும் சாத்தமுதுப் பாத்திரத்தைச் சுற்றி முடித்து, பெட்டிக்குள் வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“எதிர்த்தாப்பலே உட்கார்ந்துண்டு புஸ்தகத்தைப் பார்த்துண்டிருக்கேனே, தெரியாதா? நாலு பக்கத்தைச் சேர்த்துப் புரட்ட வேண்டியிருந்தது. ஒரு நிமிஷம் நேக்குத் திக்குன்னுது.”

“ஏன் நிறுத்தலை?”

“எப்படி நிறுத்தறது? நாற்பது வருஷத்திலே நீங்க தப்பினதே இல்லை. அத்தனை பேர் நடுவிலே கையைத் தூக்கி, மாமி தாவிட்டேள்னு சொல்லவா? நேக்கு வாய் வரலை.” செய்தித்தாளை இன்னொரு தாளோடு சேர்த்து மடித்தாள். “ரயில்லே போறச்சே அந்தப் பதினொண்ணையும் தனியாச் சொல்லிக்கலாம்னு இருந்தேன். கோஷ்டியிலே சொன்ன மாதிரி ஆகாதுதான். என்ன பண்றது.”

நான் அப்போதுதான் அந்தத் துணிப்பெட்டிமேல் உட்கார்ந்தேன். அவள் மறுபடி பேசினாள். இப்போது குரலில் கொஞ்சம் காரம் இருந்தது.

“நீங்க மறந்ததுக்கு நேக்கு வருத்தமில்லை மாமி. மறக்கத்தான் மறக்கும், நமக்கென்ன பதினாறு வயசா? ஆனா எங்க ஏழு பேர் மடியிலேயும் புஸ்தகம் இருக்கே, உங்க மடியிலே மட்டும் ஏன் இருக்கப்படாது? அது யாருக்குக் காட்டறதுக்கு?”

கீழே கிடந்த செய்தித்தாள் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினேன்.

“வர்ற சனிக்கிழமை அந்தப் பதினொண்ணை முதல்லே சேவிச்சுட்டு, அப்பறம் பத்தாம் நூறை எடுப்போம்” என்றாள். “நீங்களே எல்லாருக்கும் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்.” பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, “காபி குடிச்சுட்டுப் போங்கோ. டம்ளர் ஒண்ணுதான் வெளியிலே இருக்கு. நீங்க முதல்லே” என்றாள்.

அன்று மாலை மருமகளுக்குப் போன் செய்தேன். கிளினிக்கில் தாளில் எழுதாமல் விட்ட வரியைச் சொன்னேன். மகனிடம் எப்படிச் சொல்வது என்று யோசிப்பாள் என்று நினைத்தேன்.

“ஏம்மா, நூத்துப் பத்துப் பாட்டுல பதினொண்ணா விட்டீங்க?”

“ஆமாம்.”

“நான் போன வாரம் ஆபீஸ்ல மீட்டிங்கையே மறந்துட்டேன். முழு மீட்டிங். என்னை எந்த ஊருக்கு அனுப்புவீங்க?” என்றாள். பிறகு, “அவர்கிட்ட நானே சொல்றேன். தினமும் ராத்திரி எட்டு மணிக்கு எனக்கு ஒரு போன் பண்ணிடுங்க. அதை மட்டும் ஸ்கிப் பண்ணாதீங்க” என்றாள். மகன் தன் கோரிக்கையைக் கைவிடவில்லை. மழைக்காலம் முடியட்டும், பேசலாம் என்கிறான். பேசும்போது மனப்பாடத்தை எடுத்துக்காட்ட மாட்டேன்.

பத்தாவது சனிக்கிழமை நான் முதல் ஆளாகக் கூடத்துக்குப் போனேன். எல்லோரும் உட்கார்ந்ததும் எழுந்து நின்று சொன்னேன். ஒருத்தி ஐயோ என்றாள். ஒருத்தி புத்தகத்தைப் புரட்டி, “ஆமாம் மாமி, ஆமாம்” என்று தானும் அதில் பங்குள்ளவள்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். இளையவள் மட்டும், “நான் அன்னிக்கு, பரவாயில்லையே, இன்னிக்குக் காபி சீக்கிரம் கிடைக்கப்போறதேன்னு சந்தோஷப்பட்டேனே. பெருமாளே, இதுக்கா!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சிரிப்பு எழுந்து அடங்கியது.

“இன்னிக்குத் தொடக்கம் நீங்க பண்ணுங்கோ” என்று சிநேகிதியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. எழுந்து வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் எதிர்வரிசையில் அவள் இடத்தில் உட்கார்ந்தேன்.

பையிலிருந்து புத்தகத்தை எடுத்து மடியில் விரித்தேன். பீரோவின் அடித்தட்டில் கிடந்த மர ஸ்கேலையும் கொண்டுவந்திருந்தேன். அதன் ஓரம் மழுங்கிப்போயிருந்தது. அங்குலக் கோடுகள் பாதி அழிந்திருந்தன. முதல் வரியின் கீழே அதை வைத்தேன்.

விட்டுப்போன பதினோரு பாட்டைத்தான் முதலில் எடுத்தாள். அவள் வரிசை முற்பாதியைச் சொல்ல, எங்கள் வரிசை பிற்பாதியைச் சொல்லிற்று. ஸ்கேல் ஒரு வரி இறங்கிற்று. இன்னொரு வரி இறங்கிற்று. என் நாக்குக்கு அவை யாவும் தெரியும்; ஆனாலும் ஒவ்வொன்றையும் பார்த்த பிறகே சொன்னேன். மனப்பாடமாகச் சொல்லுகையில் நான் கவனிக்காமலே கடந்துபோயிருந்த சொற்கள் சில, அச்சில் நின்று என்னைத் தடுத்துப் பேசின.

பதினொன்றும் ஆயின. பிறகு பத்தாம் நூறு முழுவதும் ஆயிற்று. சாத்துமுறையில் கடைசிப் பாட்டை இரண்டு தரம் சொல்வது மரபு. முதல் தரம் சொல்லும்போதே சிநேகிதியின் குரல் கரகரத்தது. பாதியில் நின்றுவிடுமோ என்று இரண்டு வரிசையும் சேர்ந்து அவளைத் தாங்கிக்கொண்டன. இரண்டாம் தரத்துக்கு அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பாட்டை அப்போதுதான் சொல்லி முடித்திருந்தோம். புத்தகம் யாருக்கும் தேவையில்லை. ஆனாலும் நான் ஸ்கேலை மறுபடி அதன் முதல் வரியின் கீழே ஏற்றி வைத்துவிட்டு, அவள் தொடங்கட்டும் என்று காத்திருந்தேன்.